நிலவு மண் யாருக்குச் சொந்தம்?

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் குழித்துறைக்கு ஒரு புதுக்களை வந்துவிடும். விடியுமுன்னரே தாமிரபரணிக் கரையில் மக்கள் திரண்டு, மறைந்த முன்னோரை நினைத்துப் பலியிட்டு, ஆற்றில் மூழ்கி எழுவர். அந்நாளையொட்டி நகராட்சி நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சி வேறு! மரக்கன்றும் பூச்செடியும் வாங்குவோர் ஒருபுறம், ராட்டினத்தில் ஏறுவோர் மறுபுறம் என ஊரே அமளிதுமளிப்படும். அங்கே ஒருமுறையேனும் சுற்றித் திரியாத மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது.

ஆனால் 'வாவு' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பழந்தமிழில் 'உவா' என்றொரு சொல் உண்டு. முழுநிலா நாளுக்கும் அதுவே பெயர். நிலவில்லா நாளுக்கும் அதுவே பெயர். அந்த உவாவின் உறவே நம் வாவு. ஆக, நம் ஊரின் மிகப் பெரிய கூட்டம், நிலவு கண்ணுக்குத் தென்படாத ஒரு நாளைக் கணக்கிட்டுக் கூடுகிறது! வாவு நாட்களில் கடலின் ஏற்றமும் இறக்கமும் கூடுதலாக இருக்கும் என்பதைத் தேங்காய்ப்பட்டணத்து மீனவர் நமக்குச் சொல்லித் தருவார். சித்திரைப் பௌர்ணமியன்று குமரிமுனையில் மேற்கே கதிரவன் கடலில் இறங்க, கிழக்கே முழுமதி கடலினின்று எழும் காட்சியைக் காண எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். நமக்கோ அது ஒரு பேருந்துப் பயணத் தொலைவு.

இப்படி நிலவோடு ஒட்டி உறவாடும் மாவட்டத்தில் பிறந்த நாம், அந்த நிலவைப் பற்றி அறிந்திருப்பது மிகச் சொற்பம் என்பதே என் எண்ணம். அறியாமை மட்டுமாயின் பாதகமில்லை. புத்தகத்தைப் புரட்டினால் தீர்ந்துவிடும். ஆனால் நிலவைப் பங்கு போடும் பேச்சு தொடங்கிவிட்ட காலம் இது. அப்பேச்சில் நமக்கும் ஒரு கருத்து வேண்டாமா?

முதலில் சில வியப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

பால் நிலவு என்கிறோம், வெள்ளி நிலவு என்கிறோம். உண்மையில் நிலவின் மேற்பரப்பு கருமை கலந்த சாம்பல் நிறம். தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. மார்த்தாண்டம் சாலையில் தேய்ந்து வெளிறிப்போன தார் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த நிறம்தான்! சுற்றிலும் கரிய வானம் இருப்பதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. காதலியின் முகத்தை நிலவுக்கு ஒப்பிடும் இளங்கவிஞர்கள் இதைப் படித்துவிட்டு என்மீது சினம் கொள்ள வேண்டாம்.

அடுத்தது தூரம். பள்ளிப் புத்தகப் படங்களில் பூமியும் நிலவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்போல் இருக்கும். அது தாளில் இடமின்மையால் வந்த கோளாறு. சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். இடையிலே முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம். அந்தத் தூரமும் நிலையானதன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் வீதம் நிலவு நம்மைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. நம் விரல் நகம் ஓர் ஆண்டில் வளரும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எப்படி அளந்தார்கள்? 1969 இல் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் அங்கே ஒரு கண்ணாடித் தொகுதியை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அது பட்டுத் திரும்ப இரண்டரை விநாடி ஆகிறது. அந்த நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தூரத்தைக் காண்கிறார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அக்கண்ணாடி வேலை செய்கிறது.

2010 சனவரி 15 அன்று நண்பகல் கடந்த வேளையில் நம் மாவட்டத்தில் தெரிந்த கங்கண சூரிய கிரகணம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சூரியனை முழுவதும் மறைக்க முடியாமல் நடுவில் நிலவு நிற்க, சுற்றிலும் ஒளி வளையம் ஒளிர்ந்தது. அன்று நிலவு தன் பாதையில் தொலைவான பகுதியில் இருந்ததுதான் காரணம். நிலவு இவ்வாறே விலகிக்கொண்டு போனால், ஏறத்தாழ அறுபது கோடி ஆண்டுகள் கழித்து முழுச் சூரிய கிரகணம் என்ற ஒன்றே உலகில் இராது. வளையம் மட்டுமே மிஞ்சும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நிலவில் காற்றில்லை, மணமும் இராது என்று நினைப்போம். ஆனால் அங்கே நடந்து திரும்பிய அமெரிக்கர்கள், கலத்துக்குள் வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும், உடையில் ஒட்டியிருந்த தூசியிலிருந்து வெடிமருந்து எரிந்தாற்போன்ற நெடி வந்ததாகக் கூறினர். கோயில் கொடையில் வாணவேடிக்கை முடிந்த பின் மைதானத்தில் நிற்குமே, அந்த வாடை! அத்தூசி சாதாரணத் தூசியும் அன்று. காற்றும் நீரும் உருட்டி மழுக்காத கூர்மையான துகள்கள். 1972 இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட் என்ற நிலவியல் அறிஞருக்கு அத்தூசியால் மூக்கடைப்பும் தும்மலும் வந்துவிட்டன.

இவையெல்லாம் பிறர் கண்டு சொன்னவை. நம்மவர் கண்டு சொன்னதற்கு வருவோம்.

2023 ஆகஸ்டு 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3 இன் விக்ரம் இறங்குகலம் நிலவின் தென் துருவப் பகுதியில் மெல்லக் கால் பதித்தது. நான்கு நாள் முன்பு, அதே துருவப் பகுதியை நோக்கிப் போன ரஷ்யாவின் லூனா-25 மோதி நொறுங்கியிருந்தது. 2019 இல் நம்முடைய சந்திரயான்-2 இன் இறங்குகலமும் அப்படித்தான் நொறுங்கியது. ஆகவே அன்று மாலை தொலைக்காட்சியின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்களின் நெஞ்சத் துடிப்பை நான் விவரிக்கத் தேவையில்லை.

விக்ரம் ஒரு வெப்பமானியை நிலவு மண்ணுக்குள் செருகியது. மேற்பரப்பில் 50 பாகைக்கும் மேலான வெப்பம். எட்டே சென்டிமீட்டர் ஆழத்தில், பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிர்! ஒரு சாணைவிடக் குறைந்த ஆழத்தில் அறுபது பாகை வேறுபாடு. நிலவின் தூசி அவ்வளவு சிறந்த வெப்பக் காப்பு. இனி அங்கே குடில் அமைக்கப் போகிறவர்கள் அத்தூசியையே கூரையாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்து ஓலைக் கூரைக்கும் இதற்கும் கொள்கையளவில் பெரிய வேறுபாடில்லை. ஆறு சக்கரப் பிரக்யான் வண்டி ஏறத்தாழ நூறு மீட்டர் ஊர்ந்து, மண்ணில் கந்தகம் இருப்பதை நேரே உறுதி செய்தது.

இந்த வெற்றியில் தமிழ் மண்ணின் பங்கு என்று நான் சொன்னால், வழக்கமான மேடைப் பேச்சு என்று சிலர் நகைக்கக்கூடும். இங்கே 'மண்' என்பதை மண் என்ற பொருளிலேயே சொல்கிறேன். வண்டியையும் இறங்குகலத்தையும் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்று கண்டார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் அதில் துணை நின்றனர். அப்பாறையை அரைத்துத் துகளாக்கிப் பரப்பிய தரையில்தான் நம் நிலவு வண்டி முதலில் நடை பழகியது!

திட்ட இயக்குநர்களைப் பாருங்கள். சந்திரயான்-1 க்குப் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. சந்திரயான்-3 க்கு விழுப்புரத்து வீரமுத்துவேல். சந்திரயான்-2 சென்றபோது இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் நம் மாவட்டத்துச் சரக்கல்விளைச் சிவன், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். 2025 சனவரியில் தலைமைப் பொறுப்பேற்ற நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் காவல்கிணறு போகும்போது வடக்கே தெரியும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில்தான், சந்திரயானை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் குளிர்நிலை எஞ்சின் இயக்கிச் சோதிக்கப்பட்டது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். நொறுங்கிய சந்திரயான்-2 இறங்குகலத்தின் சிதறல் எங்கே கிடக்கிறது என்று உலகமே தேடியபோது, அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் மதுரைக்காரரான சண்முக சுப்பிரமணியன் என்ற இளம் பொறியாளர். அவர் விண்வெளித் துறை ஊழியர் அல்லர். நாசா பொதுவில் வெளியிட்ட படங்களைத் தம் வீட்டுக் கணினியில் முன்னது பின்னதாக ஒப்பிட்டு, பல இரவுகள் கண்விழித்து, ஒரு புள்ளியைக் கண்டார். 2019 டிசம்பரில் நாசா அதை ஏற்று அறிவித்தது. படங்கள் பூட்டி வைக்கப்படாமல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் அல்லவா அது நடந்தது? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி முதன்மையான செய்தி. நிலவில் நீர்!

1969 முதல் 1972 வரை பன்னிரண்டு பேர் நிலவில் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். அவற்றை ஆராய்ந்தவர்கள் நிலவு எலும்பைப் போல் வறண்ட உலகம் என்று முடிவு கட்டினர். நெடுநாள் அதுவே பாடம். 2008 அக்டோபர் 22 இல் கிளம்பிய சந்திரயான்-1 அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதியது. அக்கலத்தில் இருந்த நாசாவின் கருவி, நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டது; 2009 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். நம்முடைய மோதுகலம் 2008 நவம்பர் 14 அன்று தென் துருவத்தை நோக்கி விழுந்துகொண்டே செய்த ஆய்விலும் அதற்கான குறி தென்பட்டிருந்தது. 2009 அக்டோபரில் நாசா ஒரு பள்ளத்தில் ராக்கெட் பகுதியை மோதவிட்டுக் கிளம்பிய புழுதியை ஆராய்ந்தபோது, எடையில் நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு அளவில் நீர் இருப்பது தெரிந்தது.

துருவப் பகுதியில் சில ஆழ்பள்ளங்களின் அடியில் சூரிய வெளிச்சம் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டதே இல்லை. அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 240 பாகை வரை போகும். அந்த நிலையான இருட்டில்தான் பனிக்கட்டி உறைந்து கிடக்கிறது. அருகிலேயே சில முகடுகள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வெயிலில் நனைகின்றன. மின்சாரத்துக்கு முகட்டில் வெயில், குடிக்கப் பள்ளத்தில் நீர்! அந்நீரைப் பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். மகேந்திரகிரியில் சோதித்த குளிர்நிலை எஞ்சினும் இந்த இரண்டையும்தான் எரிக்கிறது. நிலவிலே எரிபொருள் நிரப்பிக்கொண்டு செவ்வாய்க்குப் போகலாம் என்று கனவு காண்கிறார்கள்.

ஆகவேதான் இந்தப் போட்டி. அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் மனிதரை இறக்குவதற்குத் தென் துருவ வட்டாரத்தில் 9 இடங்களை 2024 இல் தேர்ந்து வைத்தது. நிலவில் ஆய்வு நிலையம் அமைக்கச் சீனாவும் ரஷ்யாவும் 2021 இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 சூனில் சீனாவின் கலம் நிலவின் மறுபக்கத்திலிருந்தே ஏறத்தாழ இரண்டு கிலோ மண்ணை எடுத்து வந்துவிட்டது. நம் அரசும் மண் எடுத்துத் திரும்பும் சந்திரயான்-4 க்கு 2024 செப்டம்பரில் 2,104 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்துள்ளது. 2040 க்குள் இந்தியர் ஒருவர் நிலவில் இறங்குவது நம் இலக்கு. ஜப்பானோடு சேர்ந்து துருவ நீரைத் தேடும் திட்டமும் உண்டு.

'ஏழை நாட்டுக்கு நிலவு எதற்கு?' என்ற பழைய கேள்விக்கு நான் நீண்ட விடை சொல்லப் போவதில்லை. சந்திரயான்-3 க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி. நாட்டு மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஐந்து ரூபாய்கூட வராது. பேருந்து நிலையத்தில் ஒரு சாயாவுக்குக் காணாது. அதைப் பற்றிச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. என் கவலை வேறு.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கரிமணலைக் கையில் அள்ளிப் பார்த்திருப்பீர்கள். அதில் இல்மனைட் உண்டு, சிர்க்கான் உண்டு, தோரியம் அடங்கிய மோனசைட் உண்டு. இதன் அருமை முதலில் யாருக்குத் தெரிந்தது? நமக்கன்று. 1909 இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதில் மோனசைட் இருப்பதை உணர்ந்து, இங்கேயே தேடி வந்தார் என்பது வரலாறு. அந்நாளில் எரிவாயு விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவை. பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளைப் பை போல் தொங்கி ஒளிருமே, அதுதான் மேன்டில். நம் கடற்கரை மணல் கப்பலேறி ஐரோப்பிய வீதிகளில் வெளிச்சமாக எரிந்தது. இங்கே குடிசைகளில் எண்ணெய் விளக்கு எரிந்தது. கரையில் வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. மண்ணின் மதிப்பை அறிந்தவன் எடுத்தான், அறியாதவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாடு விடுதலை பெற்றபின் 1950 இல் அருமணல் ஆலை நிறுவனம் தோன்றியது. வேலையும் வந்தது, விவாதமும் வந்தது. அண்மையில் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலப்பரப்பில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கடலோர ஊர்கள் கொதித்தெழுந்ததும், 2024 அக்டோபர் 1 இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. நாட்டின் அணு மின் தேவையைச் சொல்வோர் ஒருபுறம், கதிர்வீச்சையும் கடல் அரிப்பையும் சொல்வோர் மறுபுறம். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்க வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1909 இல் கேட்பாரில்லை. 2024 இல் கேட்டாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. இடையில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆயின.

நிலவு இப்போது 1909 இல் நிற்கிறது!

இது வெறும் உவமை என்று எண்ணவேண்டாம். நிலவில் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றனவே, முயல் என்றும் வடை சுடும் பாட்டி என்றும் நாம் சொல்லி மகிழ்ந்த இடங்கள், அவை எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். அவற்றில் பல இடங்களில் இல்மனைட் மிகுதி. ஆம், மணவாளக்குறிச்சியில் கிடைக்கும் அதே கனிமம்! அதைச் சூடேற்றி ஹைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜன் எடுக்கும் முறையை வகுத்து வைத்திருக்கிறார்கள். அதேபோல் நம் பக்கம் நோக்கிய முகத்தின் மேற்குப் பகுதியில் தோரியம் செறிந்திருப்பதை 1998 இல் லூனார் பிராஸ்பெக்டர் என்ற அமெரிக்கக் கலம் வரைபடமாக்கியது. நம் வீட்டு வாசல் மணலும் பாட்டியின் அடுப்பங்கரை மணலும் தூரத்து உறவு என்பது மெய்.

(ஹீலியம்-3 என்ற பொருள் நிலவில் கொட்டிக் கிடக்கிறது, கொண்டுவந்தால் மின்சாரக் கவலையே தீரும் என்று சில இதழ்கள் எழுதுகின்றன. நூறு கோடிப் பங்கு மண்ணில் சில பங்குதான் அது இருக்கிறது. அதை எரிக்கும் உலையும் உலகில் எங்கும் இன்னும் எழவில்லை. அதை நம்பிப் பங்கு வாங்குகிறவர்களுக்கு என் அனுதாபம்.)

சட்டம் என்ன சொல்கிறது? 1967 இன் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவையோ அதன் பகுதியையோ தனதென்று உரிமை கொண்டாடக் கூடாது. மிக நல்லது. ஆனால் தோண்டி எடுத்த மண் யாருடையது? ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை. 1979 இல் வந்த நிலவு உடன்படிக்கை வாய் திறந்தது. நிலவும் அதன் வளங்களும் மனித குலம் முழுமைக்கும் பொதுச்சொத்து என்றது. இந்தியா 1982 இல் அதில் கையொப்பமிட்டது; ஆனால் முறைப்படி ஏற்று உறுதி செய்யவே இல்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் கையொப்பமே இடவில்லை. 2015 இல் அமெரிக்கா, தன் குடிமக்கள் விண்ணில் எடுக்கும் பொருள் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் செய்தது. 2017 இல் லக்சம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாடும் பின்தொடர்ந்தது.

2020 இல் நடந்ததுதான் வேடிக்கை. நிலவில் கொஞ்சம் மண்ணை அள்ளி, படம் எடுத்து அனுப்பி, அங்கேயே நாசாவுக்கு விற்றுவிட வேண்டும் என்று தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவற்றுள் ஒரு நிறுவனம் கேட்ட விலை எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு டாலர்! 1993 இல் நியூயார்க் ஏலத்தில், சோவியத்து கலம் கொண்டுவந்த 0.2 கிராம் நிலவுத் துகள்கள் 4,42,500 டாலருக்குப் போயின. அப்படிப்பட்ட பொருளுக்கு ஒரு டாலரா? அந்த டாலர் மண்ணுக்கு அன்று. 'அள்ளியவன் விற்கலாம்' என்ற வழக்கத்துக்கு. வழக்கம் ஏற்பட்டுவிட்டால் சட்டம் தானே பின்னால் வரும். பட்டா இல்லாத நிலத்தில் முதலில் நாலு வாழைக்கன்று நட்டுவைக்கும் தந்திரம் நம்மூரார் அறியாததா?

2023 சூன் மாதம் இந்தியா ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் கையொப்பமிட்டது. வளங்களைத் தோண்டி எடுப்பது, தன்னளவில், நாட்டு உரிமை கொண்டாடுவது ஆகாது என்று அது சொல்கிறது. ஒரு கையால் 'பொதுச்சொத்து' என்று எழுதிய நாம், மறு கையால் 'அள்ளலாம்' என்றும் எழுதியிருக்கிறோம். கூட்டுறவும் தொழில்நுட்பமும் கிடைக்கும் என்பதால் செய்திருக்கலாம். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் இரண்டில் எது நம் கொள்கை என்பதை நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் ஒரு நாள் முழுவதும் விவாதித்திருக்க வேண்டிய பொருள் இது என்பது என் துணிபு.

'நிலவில் குடியிருப்போர் யாருமில்லையே, யாரைக் கேட்பது?' என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்விதான். ராக்கெட் இல்லாத நாடுகளைக் கேட்க வேண்டும் என்றேன். இன்னும் பிறக்காதவர்களின் சார்பில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். இருட்டுப் பள்ளத்துப் பனிக்கட்டி வெறும் தண்ணீரன்று. அது எப்போது, எங்கிருந்து வந்தது என்ற வரலாறு அதில் அடுக்கடுக்காக உறைந்திருக்கக் கூடும். வால்மீன்கள் கொண்டுவந்ததா, சூரியக் காற்றால் விளைந்ததா என்ற விடை அதில் இருக்கலாம். நம் பூமிக்கு நீர் வந்த கதைக்கும் அதில் சான்று கிடைக்கக்கூடும். படிப்பதற்கு முன்பே ஓலைச்சுவடியை அடுப்பில் வைத்த கதை நமக்குத் தெரியும். ஆறாயிரம் மீட்டர் உயர மலையை வெட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும். ஒரு சிறு பள்ளத்துப் பனியை உருக்கிவிட அவ்வளவு காலம் ஆகாது.

கேட்டுச் செய்வது நடக்காத காரியமன்று. நம் ஊரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது தும்பா. 1963 நவம்பர் 21 இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கிருந்துதான் எழுந்தது. அந்த இடத்தில் மீனவர்களின் மேரி மக்தலேனா ஆலயமும் ஆயர் இல்லமும் இருந்தன. விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் போய்க் கேட்டார். ஆயர் தாமே முடிவு சொல்லவில்லை. ஞாயிறு வழிபாட்டில் மக்களிடம் வைத்தார், அவர்கள் 'ஆமென்' என்றனர் என்று அப்துல் கலாம் நினைவு கூர்ந்திருக்கிறார். இடம் பெயர்ந்தவர்களுக்கு இழப்பு இருந்திராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்திய விண்வெளி ஆய்வின் முதல் கதவே, கேட்டுத் திறந்த கதவு.

அந்த மரபுக்குரிய நாடு நிலவில் மூன்று காரியங்களைச் செய்ய முன்வரலாம் என்பேன். துருவப் பள்ளங்களில் ஒரு சிலவற்றையாவது யாரும் தொடாத காப்பிடங்களாக வைக்க உலக மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். நீரைக் கண்டு சொன்ன நாடு கேட்டால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும். அடுத்து, எடுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் ஓர் அளவும் கணக்கும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று வற்புறுத்தலாம். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. சந்திரயான்-4 மண்ணைக் கொண்டுவந்தால், அதைப் பெரிய ஆய்வுக்கூடங்கள் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளாமல், அளவீடுகள் அனைத்தையும் உடனுக்குடன் பொதுவில் வெளியிட வேண்டும். வீட்டுக் கணினியில் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்த மதுரை இளைஞரை மறந்துவிடாதீர்கள். அத்தகையவர் ஒருவர் நம் வகுப்பின் கடைசி வரிசையிலும் இருக்கலாம்.

இது அறிவியல் மாணவர்களின் காரியம், வரலாறும் பொருளியலும் தமிழும் படிக்கும் எங்களுக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். உள்ளபடியே எனக்கு இதில் மாறுபட்ட கருத்து. ராக்கெட் விடுவது பொறியாளர் வேலை. ஆனால் ஒரு டாலர் விலைக்குப் பின்னே இருப்பது பொருளியல். 1909 ஐ நினைவூட்டுவது வரலாறு. 'பொதுச்சொத்து' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மல்லுக்கு நிற்பது மொழி. நம் கல்லூரி மன்றங்களில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம்; தலைப்புகள் நாம் பிறப்பதற்கு முன்பே தேய்ந்துபோனவை. வரும் ஆண்டில் 'நிலவின் நீர் முதலில் எடுப்பவருக்கா, எல்லோருக்குமா?' என்று ஒன்றை வைத்துப் பார்க்கலாமே. எடுப்பவருக்கே என்ற அணியில் பேச ஆள் கிடைக்காவிட்டால் நானே பேசித் தோற்கத் தயார்.

சந்திரயான்-4 நல்லபடியாகத் திரும்பட்டும். அதன்பின் வரும் ஏதேனும் ஓர் ஆடி அமாவாசைக்கு, அந்த மண்ணில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, நம் வாவுபலிப் பொருட்காட்சிக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்தனுப்பும்படி இஸ்ரோவுக்கு மாணவர் மன்றத்தின் சார்பில் ஒரு விண்ணப்பம் எழுதிவைத்தால் என்ன? பக்கத்திலே ஒரு குப்பியில் மணவாளக்குறிச்சி மணல். இன்னொன்றில் சித்தம்பூண்டித் துகள். மரக்கன்று வாங்க வரும் கூட்டம் அந்த மூன்றையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். விண்ணப்பத்தில் கையொப்பமிட விரும்புவோர் இதழாசிரியர் குழுவிடம் பெயர் கொடுக்கலாம். முதல் கையொப்பம் என்னுடையது.